இடது பக்கம் யாரும் வருவதில்லையா?

உங்கள் காரின் இடது பக்கக் கண்ணாடி இந்த நிமிடம் எப்படி இருக்கிறது? விரிந்திருக்கிறதா, மடங்கியிருக்கிறதா? சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். சொல்ல முடிந்தவர்களும் மேலே படிக்கலாம்.

கார் இல்லாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நீங்கள்தான் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். ஏனென்றால், அந்தக் கண்ணாடியில் தெரிய வேண்டியவர் நீங்கள்.

'இடது பக்கமாகச் செல், வலது பக்கமாக முந்து' என்று பள்ளிக்கூடத்திலேயே நமக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள். அதை நம்பித்தான் பல வருடங்களாக இந்த நாட்டில் கார் செய்தார்கள். முந்துகிறவன் வலது பக்கம்தானே வருவான்? அப்புறம் இடது பக்கம் எதற்குக் கண்ணாடி? தர்க்கம் சுத்தமாகத்தான் இருக்கிறது. சாலைதான் அப்படி இல்லை.

நம்பிக்கை இல்லை என்றால், ஒரு நாள் சாயங்காலம் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். டீக்கடை இருக்கிறது, நேரம் போவது தெரியாது. உருக்காலைகளிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் டூவீலர்கள் கும்பலாக வெளியே வரும். ஒரு வண்டியில் இரண்டு பேர், சிலவற்றில் மூன்று பேர். கம்பெனி வேன், ஷேர் ஆட்டோ, கம்பிக்கட்டு ஏற்றிய லாரி, காட்டுப்பள்ளிக்கோ எண்ணூருக்கோ போகிற கன்டெய்னர் டிரெய்லர் எல்லாம் அதே சாலையில். அத்தனை டூவீலரும் எந்தப் பக்கம் போகிறது? இடது பக்கம். வலது பக்கம் போனால் டிரெய்லரைத் தாண்டி எதிர்த் திசைக்குள் நுழைய வேண்டும். உயிர் மேல் ஆசை உள்ளவன் செய்ய மாட்டான். சாலை ஓரத்துக்கும் லாரிக்கும் நடுவே நாலடி இடைவெளி கிடைத்தால் அதுதான் அவனுடைய பாதை. விதிப்படி அது தப்பு. ஆனால் அந்தச் சாலை அவனுக்கு வேறு எதையும் கொடுக்கவில்லையே!

இப்போது அந்த டிரெய்லர் இடது பக்கம் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 அடி கன்டெய்னர் ஏற்றிய வண்டி ஒடித்தவுடன் திரும்பிவிடாது. முதலில் கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கும், பிறகுதான் இடது பக்கம் வளையும். பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் போகாது; உள்வாங்கி, மூலையை அறுத்துக்கொண்டு போகும். வலது பக்கம் ஒதுங்கியதைப் பார்த்த டூவீலர்காரர், 'லாரிக்காரர் வழிவிடுகிறார்' என்று நினைத்து இடது பக்கம் நுழைகிறார். டிரைவர் பார்ப்பது வளைவையும் எதிரே வருகிற பஸ்ஸையும். அந்த இரண்டு மூன்று விநாடிகளுக்கு இடது கதவுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பதைக் காட்டுவதற்கு அங்கே ஒரே ஒரு சாதனம்தான் உண்டு. அது சில லாரிகளில் விரிசல் விட்டிருக்கும். சிலவற்றில் டிரைவரின் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் அது இருந்த இடத்தில் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.

முன்பெல்லாம் லாரியில் இடது பக்கக் கண்ணாடிக்கு ஒரு பெயர் இருந்தது. கிளீனர். 'வா வா... ரைட்டு... அப்படியே விடு... ஏய், ஹோல்டேன்!' என்று கதவைத் தட்டிக்கொண்டே வருவாரே, அவரேதான். இடது பக்கம் பார்ப்பதற்காகவே ஒரு மனிதனை உட்கார வைத்திருந்தோம். சம்பளம் மிச்சம் என்று முதலாளிகள் கிளீனரை இறக்கிவிட ஆரம்பித்தார்கள். இன்று தனியாக ஓடும் லாரிகள் எத்தனை என்று நெடுஞ்சாலையில் போகும்போது எண்ணிப் பாருங்கள். கிளீனர் போனது சரி. அவர் பார்த்த வேலையை யாருக்கு மாற்றிக் கொடுத்தீர்கள்?

வேடிக்கை என்னவென்றால், காரில் பின்பக்கக் கண்ணாடி பிரபலமானதே ஒரு 'கிளீனரை' இறக்கிவிட்டதால்தான். 1911-ல் அமெரிக்காவில் முதல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயம். அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் டிரைவர் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. ரே ஹாரூன் என்பவர் மட்டும் ஒற்றை ஆளாக ஓட்டும் காரோடு வந்தார். மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள், 'பின்னால் வருபவனை யார் பார்ப்பது?' என்று. ஹாரூன் தன் காரில் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஓட்டினார். ஜெயித்தும் விட்டார். அதற்கும் இரண்டு வருடம் முன்பு, 1909-ல், இங்கிலாந்தில் டோரதி லெவிட் என்ற பெண்மணி கார் ஓட்டும் பெண்களுக்காக எழுதிய புத்தகத்தில், கையில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது தூக்கிப் பிடித்தால் பின்னால் வருவது தெரியும் என்று யோசனை சொல்லியிருந்தார்.

ஆக, ஆளை எடுத்தால் கண்ணாடியை வை என்பது நூறு வருஷத்துக்கு முந்தைய பாடம். நாம் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டோம்.

லாரியை விடுங்கள், காருக்கு வருவோம். 1983-ல் மாருதி 800 வந்தது. நடுத்தரக் குடும்பங்களின் கனவு. அந்தக் காரின் சாதாரண மாடலில் டிரைவர் பக்கம் மட்டும்தான் வெளிக் கண்ணாடி. அப்போது சாலையில் கூட்டம் இல்லை, போகட்டும். 2009-ல் டாடா நானோ வந்தபோதும் அடிப்படை மாடலில் டிரைவர் பக்கம் மட்டுமே. 2015-ல் நம் ஓரகடத்தில் தயாராகி வந்த ரெனோ க்விட் காரின் கீழ் வேரியன்ட்களிலும் அதே கதை. எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டுத்தான். யாரும் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

நான் பி.காம். படித்தவன். இன்ஜினீயரிங் விஷயத்தில் எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இது இன்ஜினீயரிங் விஷயமே இல்லை ஸார், காஸ்ட் அக்கவுன்டிங். ஒரு பேச்சுக்கு, ஒரு கண்ணாடியைக் குறைத்தால் கம்பெனிக்கு 300 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஒரு லட்சம் கார் விற்றால் மூன்று கோடி. லாப நஷ்டக் கணக்கில் அந்த மூன்று கோடி அழகாக உட்கார்ந்துகொள்ளும். சரி, ஒவ்வொரு வரவுக்கும் எங்கோ ஒரு பற்று இருக்க வேண்டுமே? அது யார் பேரேட்டில் எழுதப்படுகிறது? இடது பக்கம் இடிபட்டு விழுந்த டூவீலர்காரரின் ஆஸ்பத்திரி பில்லில். அவர் அந்தக் காரை வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. டபுள் என்ட்ரி சிஸ்டத்தில் இப்படி அடுத்தவன் கணக்கில் பற்று எழுதினால் என் வாத்தியார் நோட்டைத் தூக்கி வீசியிருப்பார்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் டூவீலரில் போனவர்கள். நடந்து போனவர்கள் இன்னொரு 19.5 சதவீதம். மாநிலவாரியாகப் பார்த்தால் அதிக விபத்து நடந்தது நம் தமிழ்நாட்டில், 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். இத்தனைக்கும் கண்ணாடிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வேகம், குடி, ஹெல்மெட் இல்லாமை என்று வரிசை பெரிது. ஆனால் செத்தவர்களில் பெரும்பகுதி யார் என்று பாருங்கள். காரோட்டியின் கண்ணாடியில் தெரிய வேண்டியவர்கள். அவர்களுக்கான கண்ணாடியைத்தான் நாம் 'ஆப்ஷன்' என்று வைத்திருந்தோம்.

இந்த 'ஆப்ஷன்' வியாதி இன்னும் தீரவில்லை. வெளிக்கண்ணாடியிலிருந்து உள்கண்ணாடிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். கும்மிடிப்பூண்டி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டம். கடம்பத்தூர் பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆரம்பித்த கார் ஆலை ஒன்று இருக்கிறது. 1998-ல் மிட்சுபிஷி லான்சர் அங்கிருந்துதான் வந்தது. பிறகு பஜேரோ, கொஞ்ச காலம் இசுசு வண்டிகள். அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் சி.கே. பிர்லா குழுமத்தோடு சேர்ந்து வந்தார்கள். இப்போது சிட்ரோயன் கார்கள் அங்கே தயாராகின்றன. ஊர்ப் பாசம் எனக்கும் உண்டு. நம் பையன்கள் கை வைத்துச் செய்த கார். அதனாலேயே கேட்கிறேன்.

2022 ஜூலையில் சிட்ரோயன் சி3 விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 5.71 லட்சம். மேல் வேரியன்ட்டில் 10 அங்குலத் தொடுதிரை, ஒயர் இல்லாமல் செல்போனை இணைக்கும் வசதி, இரட்டை நிறக் கூரை. எல்லாம் அமர்க்களம். என்ன இல்லை தெரியுமா? இரவில் பின்னால் வரும் ஹெட்லைட் கண்ணைக் கூசாமல் சாய்த்துக்கொள்ளும் உள்கண்ணாடி இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பட்டன் மூலம் வெளிக்கண்ணாடியைத் திருப்பும் வசதி இல்லை. பின்கண்ணாடிக்கு வைப்பரும் இல்லை. மேல் வேரியன்ட்டில்கூட இல்லை! கார்ப் பத்திரிகைகள் எல்லாம் இதை எழுதின. 2023-ல் 'ஷைன்' என்று இன்னொரு வேரியன்ட்டை மேலே வைத்தார்கள். அதில் எல்லாம் வந்தது: கூசாத கண்ணாடி, பட்டனில் திரும்பும் கண்ணாடி, பின்பக்க வைப்பர், கேமரா. அதாவது, செய்யத் தெரியாமல் இல்லை. பின்னால் பார்ப்பது என்பது கூடுதல் காசு கொடுப்பவனுக்கு மட்டும் உரிய சலுகை என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

இதில் சிட்ரோயனை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. எல்லாக் கம்பெனிகளின் வேரியன்ட் பட்டியலும் இப்படித்தான். பாட்டுப் பெட்டியும் கண்ணாடியும் ஒரே பட்டியலில் 'டிக்' வாங்கிக்கொண்டு நிற்கும். ஒரு ஷோரூமில் (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்) விற்பனைப் பையனிடம் கேட்டேன், 'தம்பி, இந்த உள்கண்ணாடி நைட்ல சாயுமா?' என்று. அவன் பரிதாபமாகப் பார்த்தான். 'ஸார், அது அடுத்த வேரியன்ட்லதான் வரும். ஆனா இதுல ஆறு ஸ்பீக்கர் இருக்கு ஸார்.'

அந்தச் சாயும் கண்ணாடி என்ன பெரிய விண்வெளித் தொழில்நுட்பமா? ஆப்பு மாதிரி, மேலே கனமாகவும் கீழே மெலிதாகவும் தேய்த்த ஒரு கண்ணாடித் துண்டு. பின்புறம் ரசம் பூசியிருக்கும். பகலில் ரசம் பூசிய பரப்பிலிருந்து வெளிச்சம் முழுசாக வரும். இரவில் அடியில் இருக்கும் குட்டி நெம்பை ஒரு தட்டுத் தட்டினால், ரசம் பூசிய பக்கம் காரின் கூரையைக் காட்டப் போய்விடும். வெறும் கண்ணாடியின் முன்பரப்பில் பட்டு வரும் சுமார் 4 சதவீத வெளிச்சம் மட்டும் உங்கள் கண்ணுக்கு வரும். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, சாஃப்ட்வேர் இல்லை. பல தலைமுறையாக இருக்கிற சமாசாரம்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஜி.என்.டி. ரோட்டில் கவரைப்பேட்டையிலிருந்து சென்னைப் பக்கம் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். பின்னால் ஒரு லாரி ஹைபீமில் வரும். கூடவே, வாங்கிய பிறகு மாட்டிய வெள்ளை எல்.இ.டி. பட்டை வேறு. உள்கண்ணாடியில் சூரியன் உதித்துவிடும். ஒன்று, கையால் மறைக்க வேண்டும். அல்லது கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட வேண்டும். திருப்பிவிட்டால் பின்னால் எதுவும் தெரியாது. திருப்பாவிட்டால் முன்னால் எதுவும் தெரியாது.

திருவள்ளூரிலேயே இன்னொரு தொழிற்சாலை இருக்கிறது. கேட்டர்பில்லர். அதுவும் ஒரு காலத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பகுதியாக இருந்ததுதான். சுரங்கங்களில் ஓடும் ராட்சத டம்பர்களை அங்கே செய்கிறார்கள். வீடு நகர்ந்து வருவது போல இருக்கும். அந்த மாதிரி வண்டிகளுக்கு, டிரைவர் சீட்டிலிருந்து எது தெரிகிறது, எது மறைகிறது என்று வண்டியைச் சுற்றி வட்டம் போட்டு அளப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 5006 என்று ஒரு சர்வதேசத் தரம் உண்டு. தெரியாத இடத்துக்குக் கண்ணாடி வை; கண்ணாடியிலும் தெரியாவிட்டால் கேமரா வை என்பது அதன் தாத்பரியம். வேலி போட்ட சுரங்கத்துக்குள், பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டும் நடமாடும் இடத்தில் ஓடும் வண்டிக்கு இவ்வளவு அக்கறை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் வரும் சாலையில் ஓடும் வண்டிக்கு? நமக்கும் தரம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. கண்ணாடி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ்.-001, அதை எப்படிப் பொருத்த வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ்.-002. ஆனால் எஃப்.சி. காட்டும் நாளில் மட்டும் முளைத்து மறுநாள் காணாமல் போகும் கண்ணாடிகளை எந்த ஏ.ஐ.எஸ். பிடிக்கும்?

கொஞ்சம் கண்ணாடியின் உடம்புக்குள் போவோம். பத்தாம் வகுப்பு அறிவியலில் குவி ஆடி படித்தது ஞாபகம் இருக்கிறதா? வெளிப்புறம் புடைத்த கண்ணாடி. அதில் பிம்பம் சிறிதாகத் தெரியும், ஆனால் அதிகப் பரப்பு தெரியும். காரின் பக்கவாட்டுக் கண்ணாடி பெரும்பாலும் அதுதான். அதிகமாக வளைத்தால் அகலமாகத் தெரியும். ஆனால் பின்னால் பத்தடியில் வருகிற பஸ், தொலைவில் வருகிற பொம்மை பஸ் போலத் தெரியும். நிதானம் தவறிவிடும். அதனால் காரின் பிரதான வெளிக்கண்ணாடியின் வளைவு ஆரம் 1200 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று ஐ.நா.வின் 46-ம் எண் விதிமுறை சொல்கிறது. அமெரிக்கர்கள் இன்னும் பிடிவாதக்காரர்கள். டிரைவர் பக்கம் சமதளக் கண்ணாடிதான். அடுத்த பக்கம் குவி ஆடி வைத்தால், 'கண்ணாடியில் தெரிவதைவிடப் பொருட்கள் அருகில் இருக்கின்றன' என்று அதிலேயே எழுதி வைக்க வேண்டும்.

2012-ல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் ஆண்ட்ரூ ஹிக்ஸ் ஒரு கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். சாதாரண சமதளக் கண்ணாடியில் 15-17 டிகிரி தெரிந்தால், இவருடைய கண்ணாடியில் 45 டிகிரி. பிம்பமும் அதிகம் கோணவில்லை. வளைவு இடத்துக்கு இடம் நுணுக்கமாக மாறும்படி கணக்குப் போட்டுச் செய்திருந்தார். அமெரிக்காவின் சமதள விதி காரணமாக அவர் ஊர்ப் புதுக் கார்களிலேயே டிரைவர் பக்கம் அதைப் பொருத்த முடியாமல் போனது வேறு கதை. நான் சொல்ல வருவது, இதில் மூளையைச் செலவழிக்க இடம் இருக்கிறது என்பதை. நம் ஊரில் டிசைனர்கள் கண்ணாடியின் முதுகைத்தான் டிசைன் செய்கிறார்கள். கார் கலரில் ஒன்று, கறுப்பில் ஒன்று, குரோம் பூசியது ஒன்று, இண்டிகேட்டர் வைத்தது ஒன்று. முகம் என்னவோ சுண்டைக்காய் சைஸில் இருக்கிறது.

இன்னொரு கூத்து. கண்ணாடியை எங்கே பொருத்துகிறார்கள் என்று பாருங்கள். முன் கண்ணாடியின் ஓரத் தூணும் கதவும் சேரும் முக்கோண மூலையில், இடைவெளி இல்லாமல் ஒட்டிவைத்த கார்கள் உண்டு. பின்னால் வருபவனைக் காட்டும் கண்ணாடி, முன்னால் சாலையைக் கடக்கும் கிழவியை மறைக்கும். அதையே கொஞ்சம் பின்னால் தள்ளி, கதவின் மேல் ஒரு சிறு தண்டு வைத்து நிறுத்தினால் இடையில் சந்து கிடைக்கும். அந்தச் சந்தில் ஒரு ஆள் தெரிவார். அடுத்த முறை கார் பார்க்கப் போனால் சீட்டில் உட்கார்ந்து, ஸ்பீக்கரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் இந்தச் சந்தை எட்டிப் பாருங்கள்.

சரி, கம்பெனிக்காரனையும் சர்க்காரையும் திட்டியாகிவிட்டது. நம்மை யார் திட்டுவது?

கண்ணாடி இருந்தும் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் நாம்தானே. கேட்டால், 'இருக்கிற டிராஃபிக்ல விரிச்சு வெச்சா எவனாவது இடிச்சு உடைச்சிடுவான் ஸார்' என்பீர்கள். இந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. என் காரிலும் ஒரு பைக் கைப்பிடி உரசி இடது கண்ணாடி போனது. கண்ணாடித் துண்டு மட்டும் கொடுங்கள் என்றால் சர்வீஸ் சென்டரில் கிடையாதாம். மோட்டார், இண்டிகேட்டர், கூடு எல்லாம் சேர்ந்த 'அசெம்ப்ளி'தான் மாற்ற வேண்டுமாம். பில்லைப் பார்த்ததும் எனக்கும் மடக்கி வைக்கலாமா என்றுதான் தோன்றியது. அதைத்தான் சொல்கிறேன். உடைந்தால் சுலபமாக மாற்ற முடியாதபடி செய்துவிட்டு, 'வாடிக்கையாளர் கண்ணாடியை மடக்கிவிடுகிறார்' என்று அவர்கள் அலுத்துக்கொள்ள முடியாது. இத்தனைக்கும் வெளிக்கண்ணாடியை ஊசல் குண்டால் இடித்துப் பார்க்கும் சோதனையே தரவிதிகளில் இருக்கிறது. இடித்தால் வளைந்துகொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் வடிவமைப்பு. அது மடங்கும், நீங்கள் முன்கூட்டியே மடக்க வேண்டாம்.

பைக் வாங்கிய அன்றைக்கே இரண்டு கண்ணாடியையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்ல! 'கெத்தா இல்ல' என்கிறான். ஷேர் ஆட்டோவில் இருக்கிற கண்ணாடி உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பதற்கு. லாரியின் முதுகில் 'சவுண்ட் ஹார்ன்' என்று எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம் என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? 'நான் பின்னால் பார்ப்பதில்லை, வருவதை நீயே சொல்லிவிடு' என்று அர்த்தம். பார்க்க வேண்டிய பொறுப்பை, வருகிறவன் தலையில் பெயின்ட்டால் எழுதிக் கட்டிவிட்டோம். சத்தம் தாங்காமல் 2015-ல் மகாராஷ்டிர அரசு 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' என்று எழுதக் கூடாது என உத்தரவு போட்டது. வாசகத்தை அழிக்கச் சொன்னவர்கள், கண்ணாடியை மாட்டச் சொன்னார்களா?

ஐரோப்பாவில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். லாரியின் இடுக்கில் சைக்கிள்காரர்கள் சாவதைப் பார்த்துவிட்டு, புது லாரிகளுக்குப் பக்கவாட்டில் கீழே பார்க்கும் கண்ணாடியும், முன்னால் மூக்குக்குக் கீழே பார்க்கும் கண்ணாடியும் கட்டாயம் என்றார்கள். பழைய லாரிகளை என்ன செய்வது? நம் ஊராக இருந்தால் 'இனிமேல் வருவதற்கு மட்டும்' என்று முடித்திருப்போம். அவர்கள் 2007-ல் தனி உத்தரவு போட்டு, 2000-க்குப் பிறகு பதிவான லாரிகளிலும் 2009 மார்ச்சுக்குள் கூடுதல் கண்ணாடி பொருத்தச் சொன்னார்கள். லண்டன் மாநகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, டிரைவர் சீட்டிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 2021 மார்ச்சிலிருந்து பெர்மிட் இல்லாத லாரிக்கு அபராதம். 2024 அக்டோபரிலிருந்து மூன்று நட்சத்திரத்துக்குக் குறைந்த லாரி, கூடுதல் கேமரா, சென்சார் வைத்தால்தான் ஊருக்குள் வரலாம்.

நம் அரசும் சும்மா இருக்கவில்லை. 2019 ஜூலை முதல் எல்லாக் கார்களுக்கும் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம் என்றது. நல்ல காரியம், கை தட்டுகிறேன். கவனியுங்கள், அன்றைக்கு எந்தக் கம்பெனியும் திவாலாகவில்லை. சென்சார் இல்லாத வேரியன்ட் என்ற ஒன்று சத்தமில்லாமல் மறைந்துபோனது. 'இந்திய வாடிக்கையாளர் விலையைத்தான் பார்ப்பார்' என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அப்புறம் அதே சென்சாரை விளம்பரத்திலும் போட்டுக்கொண்டார்கள். அதே மாதிரி ஒரே வரியில், இரவில் கூசாத உள்கண்ணாடி எல்லா வேரியன்ட்டிலும் இருக்க வேண்டும் என்று சொல்ல எத்தனை கமிட்டி வேண்டும்? சிப்காட் வாசலுக்குள் சரக்கேற்ற நுழையும் ஒவ்வொரு லாரிக்கும் கேட்டில் எடை பார்க்கிறார்கள், பில் பார்க்கிறார்கள், டிரைவர் ஹெல்மெட்டும் ஷூவும் போட்டிருக்கிறாரா என்றுகூடப் பார்க்கிறார்கள். அதே செக்யூரிட்டி இடது கண்ணாடி இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு கேட்டைத் திறந்தால் என்ன? இல்லாத வண்டிக்குச் சரக்கு கிடையாது என்று நான்கு பெரிய ஆலைகள் சொன்னால் போதும், ஒரே மாதத்தில் கண்ணாடி வந்துவிடும். இதற்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜார்ஜ் பிளாட்ஸர் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1995-ல் ஒரு கட்டுரையில் சொன்ன முறை. நம்மில் முக்கால்வாசிப் பேர் பக்கவாட்டுக் கண்ணாடியில் நம் காரின் கதவையும் கைப்பிடியையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது எங்கேயும் போய்விடாது, அதைப் பார்க்க வேண்டாம். தலையை வலது பக்க ஜன்னலில் முட்டுகிற மாதிரி சாய்த்து, அந்த நிலையில் கார் உடம்பு லேசாகத் தெரியும்படி வலது கண்ணாடியை வெளியே தள்ளுங்கள். பிறகு தலையைக் காரின் நடுப்பக்கம் சாய்த்து, இடது கண்ணாடியையும் அதே மாதிரி தள்ளுங்கள். நேராக உட்கார்ந்ததும் இரண்டிலும் உங்கள் கார் தெரியாது. பக்கத்தில் வருகிறவர் தெரிவார். முந்துகிற பைக் உள்கண்ணாடியை விட்டு மறையும்போதே வெளிக்கண்ணாடியில் நுழையும். முதல் இரண்டு நாள் விநோதமாக இருக்கும், பழகிவிடும்.

அதிலும் திருப்தி இல்லை என்றால், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எந்தக் கார் உதிரிபாகக் கடையிலும் கண்ணாடி மேல் ஒட்டுகிற வட்டக் குவி ஆடி கிடைக்கும். ஷோரூமில் மேட், சீட் கவர் என்று உங்கள் தலையில் கட்டுகிற சாமான்களோடு ஒப்பிட்டால் விலை ஒன்றுமே இல்லை. இடது கண்ணாடியின் வெளி மூலையில் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் மழைக்கே விழுந்துவிடும்.